ஒட்டாத எண்ணெய்

எண்ணெய் என்றும் சொல்லிவிட்டு, உலர்ந்தது என்றும் எப்படிச் சொல்வது? புட்டியின் மேல் அப்படித்தான் போட்டிருந்தது. மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. குளித்து, உடம்பின் ஈரம் முழுக்கப் போகுமுன் பூசிக்கொள்ள வேண்டும், சருமம் வறளாது, பிசுபிசுக்காது, துணியில் கறை படாது. பத்து நாள் பூசிப் பார்த்தேன். சொன்னதெல்லாம் நிஜம். உள்ளங்கையில் ஊற்றும்போது எண்ணெய். தேய்த்த இரண்டு நிமிஷத்தில் இருந்த இடம் தெரியவில்லை. கடற்காற்றில் உப்புப் பூத்து வெளிறிக் கிடக்கும் முழங்கால்கூட மெத்தென்றாகிவிட்டது. மல்லிகை போல ஒரு வாசனை மாத்திரம் கொஞ்ச நேரம் நின்றது.

அது நன்றாக இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்த லேசான பாகங்கள், சிலவற்றில் தானே ஆவியாகிவிடும் சிலிக்கோன் திரவம். நல்லெண்ணெயின் கனம் கிடையாது. சருமத்துக்கு ஈரம் ஊட்டுகிறது என்ற விளம்பரப் பேச்சுதான் சரியில்லை. எண்ணெயில் தண்ணீர் ஏது? ஈரம் நம்முடையது. உள்ளிருந்து மேல்தோல் வழியாக ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் குறுக்கே நின்று அது போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. (மனித உறவுகளில் பலவும் இதற்கு மேல் எதுவும் செய்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

வடமொழியில் ஸ்நேகம் என்றால் எண்ணெய், அன்பும் அதுவே. தமிழில் நேயத்துக்கும் இவ்விரு பொருளும் உண்டு. இதைக் கவிகளின் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒட்டுவது, கசிவது, தொட்டவர் கையிலும் மிஞ்சுவது என்கிற அனுபவம் சொல்லாகியிருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட கை யாருடையது என்று முதுகுக்கு ஞாபகம் இருக்கும். தேய்த்துவிட்டவரும் தன் கைக்குச் சீயக்காய் தேடியாக வேண்டும். உலர் எண்ணெயில் இந்த இரண்டாவது ஆள் இல்லை. தனக்குத்தானே பூசிக்கொண்டு, உடனே சட்டை மாட்டிக்கொண்டு, வெளியே போகலாம். எண்ணெய் வழிகிற முகம் என்பதை வசையாகவே வழங்கும் நம் ஊரில், பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சின்ன சௌகரியமில்லை. அதைப் பரிகசிக்க எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் ஒட்டாமலிருப்பதைத் தாமரை இலையோடு சேர்த்துப் பெருமை பேசுகிற பழக்கம் நமக்கு உண்டு. இலை தண்ணீரிலிருந்து எதையும் எதிர்பார்த்து ஒட்டாமலிருக்கவில்லை. இங்கே விஷயம் வேறு. பற்றின் பலன் முழுவதும் வேண்டும், பற்று வேண்டாம். பெற்றுக்கொண்டதன் தடயம் உடம்பில் இருக்கக்கூடாது. பூசியதே தெரியாமலிருப்பதுதான் இந்தச் சரக்கின் பெருமை.

தெரியாமலிருப்பது என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தவர்கள் இந்தக் கடற்கரையிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், செங்கல்பட்டை அடுத்த திருமணிக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள். லேடி வில்லிங்டன் பேரில் நடந்த தொழுநோய் இல்லம் அது. 1955ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு போதனை, ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1940களில் ஸல்ஃபோன் மருந்துகள் வரும்வரை, அங்கிருந்த ராபர்ட் காக்ரேன் முதலான டாக்டர்களிடம் இருந்ததும் ஓர் எண்ணெய்தான்: நீரடிமுத்து. குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் வலி உயிர்போகும். தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாத எண்ணெய்.

1947ல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் காக்ரேனைப் பார்க்க அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்திப் பிடியுங்கள் என்றார். பிடித்த பிடியில் பிராண்டுக்குச் சுரீரென்று வலித்தது. பிடித்தவருக்குத் தான் வலிக்கச் செய்கிறோம் என்று தெரியவில்லை. செத்துவிட்டதாக நினைத்த கையில் இத்தனை பலமா என்று திகைத்ததிலிருந்து பிராண்டின் கைச் சிகிச்சைகள் தொடங்கின. வலி ஒரு கொடை என்று பிற்பாடு எழுதினார். எனக்கு அந்த இரண்டு கைகளும்தான் முக்கியம். ஒரு ஸ்பரிசம், அதன் தடயம் ஒரு பக்கம் மாத்திரம்.

1981ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்துகள் கிருமியைக் கொன்றுவிடுகின்றன. நெடுநாள் மரத்துப்போன நரம்பு திரும்புவதில்லை. அந்த இடத்தில் வியர்வை சுரக்காது, தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும், புண் வலிக்காது. ஆகவே தினமும் பாதத்தைச் சுமார் இருபது நிமிஷம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்துவிட்டு, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். புட்டியில் போட்டிருந்த அதே விதி. வித்தியாசம், ஆயுள் முழுக்கத் தவறாமல் செய்ய வேண்டும்.

பூசியாயிற்றா, எந்த மூலை விட்டுப்போயிற்று என்று அந்தப் பாதம் சொல்லாது. பளபளப்பைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிசுபிசுப்பு தெரிவது விரலில், அதுவும் விரலில் உணர்ச்சி மிச்சமிருந்தால். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவதற்கு ஆள் இருப்பதும் எல்லோருக்கும் நிச்சயமில்லை. உலர் எண்ணெய் அவர்களுக்கு எதற்கும் உதவாது. தேங்காயெண்ணெய் மின்னுகிறது, வழிகிறது. மிச்சம் மெத்தென்ற ரப்பர் செருப்பில் இறங்கி, பாதத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறதோ அந்த வடிவத்தில், நாளாக ஆகக் கறுத்துப் படிகிறது.