தோற்றுப்போன சாமிகள்

மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' 2025 தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வெளியானது. பண்டிகை முடிந்த வாரத்தில் எங்கள் காலனியிலிருந்து பதினோரு பேர் தாம்பரத்தில் போய்ப் பார்த்தோம். மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், அவர்களுக்குக் கபடி சொல்லித் தருகிற தம்பி ஒருவன், தோழர்கள் இரண்டு பேர், கூடவே "நானும் வர்றேன், எனக்கு மட்டும் சீட்டு இல்லியா" என்று கிளம்பிவிட்ட ஆயா. கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் எது என்று ஆயாவுக்கே ஞாபகம் இல்லை.

படம் தெரிந்த கதைதான். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. படத்தில் அவன் பெயர் கிட்டான். முதலில் நாம் அவனைப் பார்க்கும்போது ஆடிக்கொண்டிருக்கவில்லை, உட்கார வைக்கப்பட்டிருக்கிறான். அப்புறம்தான் கதை பின்னால் போகிறது. சாதிப் பகை, அரிவாள், பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிற அப்பன். இத்தனைக்கும் நடுவில் காளமாடன் என்கிற சாமி.

வெளியே வந்ததும் டீக்கடையில் பேச்சு ஆரம்பித்தது. மூத்த தோழருக்குக் கோபம். பெரியார் வழியில் முப்பது வருஷம் நின்றவர். "இவ்ளோ அடிபட்டு மேல வர்ற பையன், அவன் தோள்ல ஏன்யா மறுபடியும் ஒரு சாமிய ஏத்தறீங்க? ஜெயிச்சது அவன் காலு. மாடனா மூச்சுப் புடிச்சான்?" என்றார். இன்னொரு தோழர் சர்ச்சில் பாடுகிறவர். அவருக்குச் சாமி இருப்பதில் சங்கடம் இல்லை, எந்தச் சாமி என்பதில்தான் சங்கடம். கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்'னு ஒரு படம். எரிக் லிடெல்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமை ஓட மாட்டேன்னு 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல நூறு மீட்டரை விட்டுட்டு, நானூறு மீட்டர்ல தங்கம் வாங்குனாரு. அதுக்கு ஆஸ்கார் குடுத்தாங்க. அவர் சாமிக்குப் பேரு விசுவாசம். நம்ம மாடனுக்கு மட்டும் மூடநம்பிக்கையா?"

நியாயமான கேள்வி. எம்.ஏ. படிக்கும்போது நாட்டாரியல் வகுப்பில் இவற்றைச் 'சிறுதெய்வம்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். யாரை விடச் சிறிது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் இன்னொரு கருத்து வந்தது. கூட வேலை செய்கிற ஒருவர், படித்தவர், நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கியவர். "பாத்தீங்களா, திறமைன்னு ஒண்ணு இருந்தா சாதியால ஒண்ணும் பண்ண முடியாது. கடவுள் குடுக்கிறத யாரும் தடுக்க முடியாது. அதத்தான் படம் சொல்லுது" என்றார். இரண்டரை மணி நேரம் ஒருவனைச் சாதி எப்படியெல்லாம் தடுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, சாதியால் தடுக்க முடியாது என்கிறார். கடைசியில் அவன் ஜெயித்துவிட்டான் என்கிற ஒரே காரணம் போதும். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவர் கணக்கில் ஒரு 'சோதனை'. இவர் சொல்கிற கடவுளுக்கும் திறமைக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே இடஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் பயன்படுகின்றன.

பல்வங்கர் பாலுவிடம் திறமை இல்லையா? புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானம் பெருக்கி, வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுக் கற்றவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவர் பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். டீ மட்டும் வெளியே, தனி மண் குவளையில். இந்து அணியின் தலைமையை அவருக்குக் கடைசி வரை தரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் வந்துதான் அந்த இடத்தைப் பிடிக்க முடிந்தது. திறமை விக்கெட் எடுத்துக் கொடுத்தது. குவளையை மாற்றிக் கொடுக்கவில்லை.

2001இல் வந்த 'லகான்' படத்தை நம் ஆட்களும்தான் கைதட்டிப் பார்த்தார்கள். அதிலே நம்மவன் பெயர் கச்ரா, அதாவது குப்பை. பந்து சுழல்வது அவன் பயிற்சியால் அல்ல, சூம்பிய கையால். ஊனத்தையே கடவுள் கொடுத்த வரமாக ஆக்கிவிட்டார்கள். அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கதாநாயகன் ராமனையும் சபரியையும் இழுத்துப் பேச வேண்டியிருக்கிறது. மட்டை பிடிக்கையில் கடைசிப் பந்து என்று நினைத்து அவன் ஒரே ஒரு ரன் ஓடுகிறான். அது நோ-பால் என்று ஆகி, கதாநாயகன் சிக்சர் அடிக்கிறான். நமக்கு எப்போதும் அந்த ஒரு ரன்தான்.

மாரி செல்வராஜின் படம் இந்த ரகம் இல்லை என்பதை எதிரிகூட ஒத்துக்கொள்வான். கிட்டான் யாருடைய சிக்சருக்கும் வழிவிட்டு நிற்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிடித்துக் கொடுத்தது ஆயா.

இரண்டு நாள் கழித்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டது: "அந்தப் புள்ள தோத்துட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்கோ? அந்தச் சாமி சாமியில்லன்னுடுவாங்களா?"

நான் என்னமோ சொல்லி மழுப்பினேன். ஆயா விடவில்லை. "நம்ம சாமி எது ஜெயிச்சிது, சொல்லு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைவீரன் ஜெயிச்சானா? சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவில் ஏறினவன். முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்தும் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கட்டி, பூணூலை விட்டுச் செருப்புத் தைத்து, மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்தவன். பாபநாசத்து மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குச் செருப்புத்தான் காணிக்கை. எல்லாருமே தோற்றவர்கள், கொல்லப்பட்டவர்கள். ஜெயித்தவனுக்கு மதில் சுவரும் மானியமும் கிடைத்தது. தோற்றவனுக்கு ஊர் எல்லையில் ஒரு கல். அந்தக் கல்லைக் கும்பிட்டவர்கள் வெற்றிக்காகவா கும்பிட்டார்கள்? கொன்றது தப்பு என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொன்றவனின் பேரன் பார்க்கிற மாதிரி, பறையடித்துச் சொன்னார்கள்.

எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லை. ஆனால் மூத்த தோழரின் கோபத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரைத் தாண்டிப் போகிறோம். அந்தப் பண்டிதர் அம்மனை வானத்திலிருந்து இறங்கியவளாகப் பார்க்கவில்லை. நோய் தீர்த்த ஒரு பௌத்தத் துறவியாக, வாழ்ந்து மறைந்த பெண்ணாக வாசித்தார். சாமி என்பது மறக்கப்படாத மனுஷி. அப்படிப் பார்த்தால் காளமாடன் கிட்டானுக்கு மூச்சுக் கொடுக்க வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்க வருகிறான்.

ஆனால் விளையாட்டுப் படம் என்கிற வடிவம் இதைத் தாங்குவதில்லை. அதற்குக் கடைசியில் ஒரு வெற்றி வேண்டும். வெற்றி வந்ததும் பக்கத்தில் நிற்கிற சாமி, அருள் கொடுத்த சாமியாக மாறிவிடுகிறது. 'கர்ணன்' (2021) படத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பஸ் நிற்காத ஊரில் நடுரோட்டில் துடித்துச் செத்த சின்னப் பெண்தான் அங்கே காட்டுப்பேச்சி. அவள் யாருக்கும் எதையும் ஜெயித்துத் தரவில்லை. முகமூடியோடு வந்து நிற்கிறாள், அவ்வளவுதான். 'பைசன்' படத்தில் இயக்குநர் என்ன செய்வார்? உண்மையிலேயே ஜெயித்த மனுஷரைத் தோற்றவராகக் காட்ட முடியாது. காட்டவும் கூடாது, நமக்கு இருக்கிற தங்கமே கொஞ்சம். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கம்தான் அந்தப் பையன் பட்ட அடியைத் தப்பு என்று நிரூபிக்கிறது என்றால், தங்கம் வாங்காதவன் பட்ட அடி என்ன கணக்கில் வரும்?

கபடி சொல்லித் தருகிற தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெய்டில் அவனைப் பிடிக்க ஏழு பேர் போதாது. நான்கு வருஷம் முன்னால் ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். முதல் நாள் ஆட விட்டார்கள். இரண்டாம் நாள், எந்த ஏரியா, அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் பட்டியலில் பெயர் இல்லை. அதனால்தான் என்று நிரூபிக்க நம்மிடம் காகிதம் எதுவும் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஆடியிருக்க வேண்டும். இப்போது முடிச்சூர் ரோட்டில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். தியேட்டரில் எல்லாரும் எழுந்து விசிலடித்தபோது அவனும் அடித்தான். டீக்கடையில் மட்டும் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னான்: "சூப்பர் படம்தான். ஆனா பசங்க இப்ப என்னையப் பாத்து, நீங்க இன்னும் கொஞ்சம் டிரை பண்ணியிருக்கலாம்ல அப்படின்றாங்க."

ஆயாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எல்லையம்மன் கதையை எடுத்தது. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ரேணுகாவின் தலையை வெட்டப் பரசுராமன் துரத்துகிறான். அவள் சேரிக்குள் ஓடி வருகிறாள். நம் பெண் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள், விட மாட்டேன் என்கிறாள். அவன் இரண்டு தலையையும் சேர்த்து வெட்டுகிறான். திரும்ப உயிர் கொடுக்கும்போது தலை மாறிப்போகிறது. ரேணுகா தலையும் சேரி உடம்பும் மாரியம்மன். சேரித் தலையும் ரேணுகா உடம்பும் எல்லையம்மன்.

"வுட்டுட்டு ஓடியிருந்தா பொழைச்சிருப்பா" என்றது ஆயா. "வுடல. அவ பேரு இன்னா? நீதான் எம்மே படிச்சிருக்கியே, சொல்லு."

நான் கேட்ட எந்தக் கதையிலும் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அதைச் சொன்னேன். ஆயா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனது.