அயர்வும் ஹிம்சையே

கண்ணுக்குப் புலனாகா உயிர்களும் நலிவுறாதிருக்க நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். சிட்னியில் எம் மகள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் உண்டு. சட்டப்படி 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் உள. போய்வரும் எளிமை கருதி ஒருநாள் அக்கதவை நாற்காலியால் தடுத்துத் திறந்து வைத்தோம். திரும்பி நோக்கியபோது 2 வயதுப் பேரன் குளத்தின் விளிம்பில் நின்றான்!

மூழ்கும் மழலை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை, ஓசையின்றி அடங்கிவிடும். அவன் விழவில்லை. எனினும் நாம் குற்றமற்றவரோ? கொல்லும் எண்ணம் இல்லை என்பது விடையாகாது. அயர்வினால் உயிர்க்கு நேரும் கேட்டையே ஹிம்சை என வகுக்கிறது தத்துவார்த்த சூத்திரம். அவன் விழாதது எம் நற்பேறு, எம் விழிப்பன்று.

வேலி துணையே, கை எட்டும் தொலைவில், பிற நினைவின்றி நிற்கும் பெரியவரே காவல். நீரை வடிகட்டும் அதே கருத்தோடு, நீரருகே குழந்தையையும் காப்போமாக.