துவிச்சக்கரவண்டியும் புகைபிடித்தலும்

நாடோறும் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலை செல்லும் ஆசிரியருட் சிலர், தாம் பிடிக்கும் சுருட்டுக்குத் தாம் ஓட்டுந் தூரம் ஈடாகுமென்பர். நாம் அதற்கு உடன்படேம். ஒரு நன்மை வேறொரு தீமைக்கு விலையாகுமென்பது கடைக்கணக்கர் நியாயம். அதிலும், வரவையே செலவு தின்னுமாயின் கணக்கரும் ஒப்பார். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு, பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலியுடன் குருதியைப் பற்றும். ஆதலின், மிதிக்குங்கால் தசைகளுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறையும். ஈடென்று காட்டிய பயிற்சியையே புகை களவுசெய்கின்றது.

1920களிற் பிரான்சு தேசத்துப் பந்தயத்தில் ஓட்டினோர் சிலர் வண்டியிலிருந்தவாறே புகைத்தனர். அவர் இதனை அறியார். அறிந்த ஆசிரியர்க்கு அச்சாட்டு உண்டோ? புகையை விட்டார்க்கு ஓரிரு நாளில் அவ்வாயு நீங்கும். ஆசையோ வாரக்கணக்கில் நின்று, "இன்று 10 மைல் ஓட்டினாய், ஒன்று பிடித்தாலென்ன?" என்று பழைய வழக்கையே மீட்டும் தொடுக்கும். அதற்கு விடை, மாலையில் எதிர்காற்றிலே வீடு திரும்பும்போது நெஞ்சிற் கிடைக்கும்.