எதையும் கேட்காத சுவர்கள்

நவீனக் கட்டடம் மனத்தைக் குணப்படுத்துமா? கோகோநாடாவின் ‘கொலம்பஸ்’ (2017) படத்தில் இந்தப் பேச்சு வருகிறது. ஜேம்ஸ் போல்ஷெக் அப்படி நம்பிய கட்டடக் கலைஞர். அவர் வடிவமைத்த மனநல மையம் ஓடையின் மேல் பாலம்போல் நிற்கிறது. கொரியாவிலிருந்து வந்திருக்கும் ஜின்னுக்கு அதில் நம்பிக்கையில்லை. எனக்கும் பாதிதான்.

இண்டியானா மாநிலத்தின் சிறுநகரமான கொலம்பஸில் பொதுக் கட்டடங்கள் பலவற்றுக்கு வடிவமைப்பாளர் கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை ஏற்றது. அதனால் பெரிய பெயர்கள் அங்கே வந்தன. அந்த ஊரில்தான் கேஸி நூலகத்தில் வேலைசெய்கிறாள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் அம்மாவுக்குச் சமைக்கிறாள். அம்மா வேலையில்தான் இருக்கிறாளா என்று போன்செய்து பார்க்கிறாள். மகள் தாய்க்குத் தாயாகிவிட்ட வீடு அது. இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டால் நமக்கு வேலை எளிது.

இரவில் அவள் டெபோரா பெர்க் வடிவமைத்த வங்கியின் எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒளிரும் கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். அது அவளுக்கு என்ன தருகிறது? எதுவும் தரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவளிடம் எதையும் கேட்பதுமில்லை. சாப்பாடு, மருந்து, சமாதானம், ‘எங்கே போனாய்’ என்பதற்குப் பதில், எதுவுமே. பார்த்துக்கொண்டே இருக்கும் பெண்ணுக்குப் பார்க்க மட்டும் ஓர் இடம்.

சாரினென் கட்டிய இன்னொரு வங்கியின்முன் அவள் வழிகாட்டிபோல் தகவல் சொல்கிறாள். ‘இதில் உன்னை எது நெகிழ்விக்கிறது?’ என்று ஜின் மடக்குகிறான். அவள் பேசத் தொடங்கியதும் கேமரா கண்ணாடிக்கு உட்புறம் போய்விடுகிறது. உதடுகள் அசைகின்றன, சொல் நமக்கு வருவதில்லை. பெண்ணின் குரலை மறைத்ததாக முதலில் எனக்கும் கோபம்தான். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் வலியை எல்லோருக்கும் விளக்கவேண்டிய கடமையிலிருந்தும் அவளுக்கு அங்கே விடுப்பு.

கோகோநாடா என்ற புனைபெயர், ஓசுவின் திரைக்கதையாசிரியர் கோகோ நோடாவை நினைவூட்டுவது. அவர்கள் இருவரும் எழுதிய ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தில் தந்தையைப் பிரிய மனமில்லாத நோரிகோ கல்யாணத்தின் வழியாகத்தான் வீட்டைவிட்டு வெளியேற முடிகிறது. கேஸி படிக்கப் போகிறாள். நினைவிழந்து கிடக்கும் தந்தையோடு ஒட்டுறவில்லாத மகன் ஜின், ஊரில் தங்குகிறான். மகள் கிளம்ப, மகன் தங்குகிற இந்த மாற்றத்தைத்தான் நான் குணமாதல் என்பேன். அதைச் செய்தது செங்கல்லோ கண்ணாடியோ அல்ல. இருந்தும், அந்தச் சுவர்களெதிரே தனியாக உட்கார்ந்த இரவுகள் இல்லாமல் ‘நான் போகவேண்டும்’ என்ற எண்ணம் அவளுக்குள் எங்கே முளைத்திருக்கும்?

அம்மாவை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று படம் சொல்வதில்லை. காரில் கேஸி அழுதுகொண்டே போகிறாள்.