ரத்தம் காட்டாத காயம்

1996-இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன், எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டையை ‘மனிதச் சேவல்சண்டை’ என்று சாடினார். அதைத் தடை செய்யுங்கள் என்று ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். கூண்டுக்குள் இருவர், கிழிந்த புருவம், வழியும் ரத்தம். பார்க்கிறவர்களுக்குப் பதறத்தான் செய்யும். அதே நாட்டில் வெள்ளிக்கிழமை இரவுகளில், பள்ளி மைதானங்களில் பதின்வயதுப் பையன்கள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலைக்கவசத்தோடு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மைக் வெப்ஸ்டரும் அப்படிப் பள்ளி மைதானத்திலிருந்து வந்தவர்தான். என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கில் ஆடும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு நான்கு சூப்பர் பவுல் கோப்பைகளை வென்று தந்தவர்களில் ஒருவர். பந்தைத் தரையில் பிடித்தபடி குனிந்து நிற்பதும், அதைப் பின்னால் அனுப்பிய நொடியில் எதிரே நிற்பவர் மேல் பாய்வதும்தான் அவர் வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது பலமுறை நடக்கும். மயங்கி விழுமளவு அடியில்லை. ஆகவே யாரும் எண்ணுவதில்லை. கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. கடைசிக் காலத்தில் நினைவு குழம்பி, தன் வண்டியிலேயே படுத்துறங்கிய வெப்ஸ்டர், 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், சி.டி.ஈ. என்னும் மூளைச் சிதைவு தெரிந்தது.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறைந்த என்எஃப்எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளை ஆராய்ந்ததில் 110-இல் இந்நோய் இருந்தது. அவை பெரும்பாலும் சந்தேகத்தின்பேரில் குடும்பத்தார் கொடுத்தவை. எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கையா அது?

எம்எம்ஏ குற்றமற்றது என்று வாதிட இடமில்லை. விழுந்தவர் மேல் ஏறிக் குத்துவதை அதன் விதிகளே அனுமதிக்கின்றன. எடையைக் குறைக்க உடம்பின் நீரை வற்றடிக்கும் பழக்கத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. பயிற்சிக்கூடத்தில் வாங்கும் அடிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் கூண்டுக்குள் தாங்க முடியாதவர் எதிராளியின் உடம்பில் கையால் தட்டினால் போதும், சண்டை நின்றுவிடும். நினைவிழந்து வீழ்ந்தவரை மருத்துவக் காரணத்துக்காகச் சில வாரங்கள் களமிறங்க விடமாட்டார்கள். தலையில் அடிபடப் போகிறது என்று தெரிந்துதான் வளர்ந்த ஒருவர் கூண்டுக்குள் போகிறார்.

அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரருக்கு அந்தத் தெளிவு மறுக்கப்பட்டது. தலைக்காயத்தை ஆராய என்எஃப்எல் 1994-இல் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மூட்டுவாத நோய் மருத்துவர். ஆபத்து பெரிதில்லை என்றே அக்குழு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. தெரியாமல் தந்த சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அதுவும் எட்டு வயதுப் பிள்ளை தருவதை?

அபாயத்தை அறிந்து ஏற்கும் வளர்ந்தவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உள்ள உரிமை குறைவு. பிள்ளையைக் காக்கும் கடமையோ பெரிது. ஆளை மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவி ஆடும் ஃபிளாக் ஃபுட்பால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெறுகிறது. பள்ளிகள் அதை ஆடட்டும். மோதல் ஆட்டத்தைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு அவரவரே தேர்ந்துகொள்ளட்டும்.