காலடித் தகடும் கைநேர்மையும்

பழம்பொருளைப் பேணுதல் என்பது பழமையை அப்படியே நிறுத்திவைப்பதா, அன்றி அழிந்துவரும் ஒன்றுக்கு நம் கையால் ஆயுளைக் கூட்டுவதா என்னும் வினா மிகத் தொன்மையானது. சிற்பத்தையும் ஓவியத்தையும் சுவடியையும் முன்வைத்து இவ்வினாவை எழுப்பிய அறிஞர் பலர். பழைய மோட்டார் வண்டியின் தரைத் தகட்டை முன்வைத்து இதனை எழுப்பினால் நகைப்போரும் இருக்கக்கூடும். ஆயினும் இவ்வினா தன் முழுக் கடுமையோடு நம்மை எதிர்கொள்ளும் இடம் அதுவே என்று நாம் கருதுகிறோம். ஓவியத்தின் மேல் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எவரும் செல்வதில்லை அன்றோ!

உலகறிந்த ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் 'வண்டு' 1938-இல் ஜெர்மனியில் உருப்பெற்றது. 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் அடித்தளத்தின் அமைப்பு எளியது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு குழல். அதன் இருமருங்கிலும் பற்றவைக்கப்பட்ட இரு தகட்டுப் பாதிகள். அவற்றின்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட மேற்கூடு. பேட்டரி பின்னிருக்கையின் அடியில், வலப்பக்கத் தகட்டின்மேல் அமர்ந்திருக்கும். அதிலிருந்து கசியும் அமிலம் முதலில் தின்பது அந்த மூலையைத்தான்.

மற்ற இடங்களைத் தின்பது நீர். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்குகிறது. விரிப்பின் கீழுள்ள கம்பளி அதனை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஓசையை அடக்க ஆலையில் பூசிய தார்ப்பூச்சு ஓரங்களில் விட்டுப்போய், புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கீழிருந்து தாக்குகிறது. இவ்வளவும் நடக்கும்போது மேலே மெருகு மங்காதிருக்கலாம். இதில் வியப்புக்குரிய ஒன்றுண்டு: துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பருமனில் பெரியது. ஆகவே இற்றுப்போன தகடு கண்ணுக்கு மெலிந்து தோன்றுவதில்லை, தடித்தே தோன்றுகிறது. சுத்தியால் தட்டிப் பார்ப்பவனுக்கே வேறுபாடு தெரியும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். இற்ற இரும்பு மழுங்கிய ஓசையே தரும்.

இற்றதை எங்கே வெட்டி நிறுத்துவது என்பதே தொழிலாளியின் முதல் சோதனை. மனம் சிறிதளவு வெட்டச் சொல்லும். ஆனால் துருவேறி மெலிந்த விளிம்பில் பற்றவைத்தால் சுடர் பட்ட இடம் துளையாகும். துளையை மூடப்போனால் அருகில் மற்றொன்று திறக்கும். நல்ல உலோகம் வரும்வரை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தளமும் கூடும் ஒன்றாய்ப் பிணைந்த வண்டிகளில், குறிப்பாகக் கூரையற்றவற்றில், வெட்டுமுன் கதவுவாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை முட்டுக்கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். மறந்தால் கூடு தொய்ந்துவிடும். பிறகு கதவுகள் செவ்வனே பொருந்தா.

பல லட்சம் விற்ற வண்டிக்கு ஆயத்தத் தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அரிய வண்டியின் சொந்தக்காரனுக்கோ அட்டையும் கத்தரியும் பொறுமையுமே துணை. (ஆயத்தத் தகட்டைக் கைத்தொழிலாளர் இகழ்வதுண்டு, அவ்விகழ்ச்சியில் நியாயம் பாதி, செருக்கு பாதி.) வெட்டிய இடத்தில் அட்டையை அழுத்தி, விளிம்பையும் வளைவையும் அதில் குறித்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகட்டுக்கு அவ்வளவை மாற்றுகிறார்கள். அத்துடன் வேலை முடிவதில்லை. தட்டையான தகடு முரசுத்தோல் போன்றது. மிதித்தால் அமுங்கி, விட்டால் எழும்பி அதிரும். பழைய தளத்தில் ஆலையில் அழுத்தப்பட்ட வரிப்பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை என்று எண்ணுவோர் ஏமாறுவர்; மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருபவை அவையே. உருளைகளுக்கிடையே தகட்டைச் செலுத்தியோ, கடின மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் வைத்துத் தட்டியோ அவற்றை மீண்டும் உண்டாக்க வேண்டும். பற்றவைக்கும்போது நீண்ட கோடாக இழுத்தால் வெப்பத்தில் தகடு நெளிந்துவிடும். ஆதலால் இங்கொரு சிறு தையல், எட்டிப்போய் அங்கொரு சிறு தையல் என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்கிறார்கள். பின்னர் துத்தநாகப் பூச்சு, இணைப்புகளில் அடைப்புப் பசை, உட்குழிவுகளில் மெழுகு.

இவ்வளவு உழைப்பும் முடிந்தபின் அதன்மேல் விரிப்பு விழுகிறது. இங்கேதான் நாம் கூறவந்த பொருள் தொடங்குகிறது.

இதே வேலைக்குக் குறுக்குவழி ஒன்றுண்டு. இற்ற தகட்டை வெட்டாமல் அதன்மேல் ஒரு தகரத்தை ரிவெட்டால் அடித்து, தாரைத் தாராளமாகப் பூசி, விரிப்பைப் போட்டுவிடலாம். பல நாள் வேலை ஒரு பிற்பகலில் முடியும். விரிப்புக்கு மேலிருந்து நோக்குபவர்க்கு இரண்டும் ஒன்றே. தகரத்துக்கும் துருவுக்கும் இடையில் ஈரம் தங்கி, அழிவு முன்னிலும் விரைந்து நடக்கும். அதைவிடக் கொடியது, முன்னிருக்கை நகரும் தண்டவாளம் அத்தளத்தைப் பற்றியே நிற்கிறது என்பது. மோதல் நேரும் கணத்தில் ஓர் உயிரைப் பிடித்துநிறுத்த வேண்டிய இரும்பு அது.

காண்பார் இல்லாவிடத்தும் அறம் கடமையாகுமா என்று மெய்யியலார் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். அவ்வாதம் இங்கே சட்டத்தின் வடிவிலும் வந்து நிற்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். பிரிட்டனில் வாகனத் தகுதிச் சோதனை 1960-இல் தொடங்கியது. இருக்கை வார்கள் பொருந்தும் இடம் முதலான முக்கியப் பகுதிகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு அரித்திருக்கிறதா என்று சோதகர் பார்ப்பது அதன் விதி. ஆனால் 2018 மே மாதம் முதல், பெருமாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இச்சோதனை கட்டாயமில்லை. ஓடத்தக்க நிலையில் வண்டியை வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரைச் சார்ந்ததே. துரு மிகுதியாகப் பிடித்திருக்கக்கூடிய வண்டிகளையே சோதகரின் சுத்தியல் விட்டுவிட்டது. பேணுவோரின் மனச்சான்றுமீது அரசு வைத்த நம்பிக்கை இது எனலாம். அந்நம்பிக்கை எல்லோரிடத்தும் தகுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

இனி, நேர்மையாகவே செய்யப்பட்ட வேலையிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தளம் முழுதும் புதிதானபின் வண்டி பழைய வண்டிதானா? தீசியஸின் கப்பலில் இற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏதென்ஸ் நகரத்தார் காத்துவந்ததையும், அது அதே கப்பலா என்று மெய்யியலார் பிணங்கியதையும் புளூடார்க் எழுதிவைத்தார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே முறையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். மோட்டார் உலகில் ஹாப்ஸின் கேள்வி விபரீதமான உருவெடுக்கிறது. 'வண்டு' வண்டியின் எண் பின்னிருக்கையின் கீழ், நடுக்குழலின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணுள்ள துண்டை மட்டும் வெட்டி வேறொரு தளத்தில் ஒட்டினால், பலகை ஒன்றும் இல்லாமல் பெயரை மட்டும் சுமக்கும் கப்பல் பிறக்கிறது. இதனைச் சட்டம் மோசடி என்கிறது, மெய்யியலும் மறுக்காது.

இவ்வழக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கே வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டாண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டி 'ஓல்டு நம்பர் ஒன்'. அதனை ஒரு கோடி பவுண்டு மதிப்பில் வாங்க ஒப்பிய நிறுவனம், அது பழைய வண்டியே அன்று எனக் கூறிப் பின்வாங்க முயன்றது. 1990-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆட்டன், அன்று பந்தயத்தில் ஓடிய உறுப்புகளில் எஞ்சியவை மிகச் சில என்பதை ஏற்றார்; ஆலையிலிருந்து வந்தபடியே உள்ள வண்டி என்று அதனைச் சொல்லவியலாது என்றும் கொண்டார். ஆயினும் இடையறாத வரலாற்றோடு மாறிமாறி வந்த அதே வண்டிதான் என்று முடிவுசெய்தார். இத்தீர்ப்பு நமக்கு உடன்பாடே. ஆனால் அதன் வலிமை முழுதும் எது எப்போது மாறியது என்று ஆராய முடிந்ததில் இருக்கிறது. அந்த வரலாறு மறைந்திருந்தால் நீதிபதி எதைக் கொண்டு தீர்ப்பளித்திருப்பார்?

ஆகவே ஒரு நுண்ணிய வினாவுக்கும் விடை தேட வேண்டியிருக்கிறது. திறமைமிக்கோர் தம் பற்றவைப்பைத் தேய்த்துச் சமமாக்கி, ஆலையில் மின்புள்ளியால் இணைத்த சிறு குழிகளைப் போலவே போலிக்குழிகளையும் இடுகிறார்கள். இது கலையா, பொய்யா? பழங்கட்டடங்களைக் குறித்த 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழம்வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா 2013-இல் ஏற்ற துரின் சாசனமும் மாற்றிய பாகங்களில் அழியாத எளிய அடையாளம் இடச் சொல்கிறது. குழி இடுவதை நாம் குறைகூறவில்லை; பழைய கைகளின் வேலைக்கு அது செய்யும் மரியாதை என்றே கொள்கிறோம். விற்பவன் வாய்திறந்து 'தளம் ஆலையில் இட்டபடியே உள்ளது' என்று விலைகூறும் நொடியில் அதே குழி பொய்ச்சாட்சியாக மாறிவிடுகிறது. தகட்டின் அடிப்புறத்தில், தார் பூசுமுன், ஆண்டை உளியால் பொறித்துவிட்டால் அந்தச் சாட்சியை எவரும் விலைக்கு வாங்க முடியாது. வண்டியின் அழகுக்கும் அதனால் ஊறில்லை.

இவ்வாறு செய்வோர் உளர். வெட்டுமுன்பும் பின்பும் எடுத்த படங்களை வண்டியின் தாள்களோடு சேர்த்துவைக்கிறார்கள். கழித்த தகட்டில் இற்றுப்போகாத ஒரு கையகலத் துண்டை, ஆலைப் பூச்சோடும் வரிப்பள்ளத்தோடும், அதே உறையிலிட்டு அடுத்த உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். பழைய தடிப்பும் நிறமும் வேண்டுவோர் அதனை அளந்துகொள்ளலாம். எஞ்சியவை எடைக்குப் போகின்றன.