செக்ரோலில் ஒரு பேர்

மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலையே பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று அரைப்பேர்தான். ஆளின் பேரே வேலையின் அளவாகிவிட்ட இவ்வழக்கை வெறும் பேச்சென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. உழைப்பை எடுத்துக்கொள்ளலாம், உழைப்பவரை ஏற்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது.

மஸ்கெலியாவையே பார்ப்போம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் அதுவும் ஒன்று. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கிய அந்தப் பேர்கள் செக்ரோலிலிருந்து மட்டும் நீங்கவில்லை!

"கூலி கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன உரிமை?" என்பார் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். கூலி, இன்று பறித்த கொழுந்துக்கு ஈடு. அதுவும் சரியான ஈடு அன்று என்பது வேறு வழக்கு. ஆனால் காட்டை அழித்து, கல்லைப் பெயர்த்து, கான் வெட்டி, செடி நட்டவர்களின் உழைப்பு அன்றைய பொழுதோடு முடிந்ததா? அவர்கள் நட்ட தேயிலை பேரப்பிள்ளைகள் காலத்திலும் துளிர்த்தது. நிலத்திலேயே தங்கிவிட்ட உழைப்புக்கு, அந்நிலத்தில் தங்கும் உரிமையைத் தவிர வேறு ஈடு எதுவாக இருக்க முடியும்?

இவ்வழக்கு மலைக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு பாலைநிலம். கொலராடோ ஆற்றின் நீர் வந்து அதை வயலாக்கியது என்பார்கள். நீர் பாய்ந்தால் போதுமா? பயிர் செய்ய ஆள் வேண்டாமா? 1942 முதல் ஒப்பந்தத்தின்பேரில் மெக்சிக்கோத் தொழிலாளர்கள் அமெரிக்க வயல்களுக்கு அழைத்துவரப்பட்டனர். அவர்களுக்கு இட்ட பேர் 'பிரசேரோ'; 'கை' என்ற பொருளுடைய ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது. கை வேண்டும், ஆள் வேண்டாம். அத்திட்டம் 1964 இறுதியில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் சிறிமாவோவும் சாஸ்திரியும் நம்மவர்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் வறண்ட காட்டை வெட்டிப் பயிரிட்டார்கள். அங்கும் பலருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோர்க்குக் குடியுரிமை தந்தது. லயத்து அறையோ இன்னும் தோட்டத்துக்கே சொந்தம். புதிய வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்குக் காணி என்கிறார்கள். அதற்கும் காத்திருக்கும் குடும்பங்கள் மஸ்கெலியாவில் இருக்கின்றன.